வீதி யாருக்கு உரியது?

(எமது சங்கத்தின் ஆண்டு விழாவிலே நிகழ்த்திய பேச்சு)



பொதுத்தொண்டு என்னும் பொருள்பற்றி இவ்விழாவிலே சில வார்த்தைகள் பேசவேண்டுமென்று சங்கத்தார் எம்மைக் கேட்டுக்கொண்டனர். தொண்டு என்றவுடன் சிரமதானம், இரத்ததானம், ஏழை மாணவர்க்குப் புத்தகம் வழங்கல் என்பனவே எவர் மனத்திலும் தோன்றும். அவையாவும் நல்லனவே. ஆனால், படலையைத் திறந்து வெளியே வந்ததும் நாம் முதன்முதற் கால்வைக்கும் இடமாகிய வீதியைப்பற்றி ஒருவரும் நினைப்பதில்லை.

இன்று மாலை நாம் இம்மண்டபத்தை நோக்கி வருகையில், பாடசாலைப் பிள்ளைகள் நால்வர் எமக்கு முன்னே நடந்து வந்தனர். ஓரிடத்திலே நடைபாதை முழுவதையும் மோட்டார் சைக்கிள்கள் அடைத்து நின்றன. பிள்ளைகள் வீதியில் இறங்கினர். பின்னால் வந்த பஸ் வண்டி அலறியது. சின்னவள் ஒருத்தி நடுங்கிப்போய் அக்காளின் கையைப் பற்றிக்கொண்டாள். ஒன்றும் நேரவில்லை, பஸ் போய்விட்டது, பிள்ளைகளும் போய்விட்டனர். ஒன்றும் நேராத காரணத்தால் நாமும் அதனை மறந்திருப்போம். அவ்வாறு மறவாத ஒரு நகரத்து மக்களின் வரலாற்றையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகின்றோம்.

அந்நகரம் ஒல்லாந்தின் தலைநகராகிய அம்ஸ்டர்டாம். ஒல்லாந்தர் நமக்குப் புதியவரல்லர். 1658ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றி, 1795ஆம் ஆண்டுவரை அங்கே ஆட்சி நடத்தியவர்கள். அவர்கள் கட்டிய கோட்டைகளைப்பற்றி நாமெல்லாம் பாடசாலையிற் படித்திருக்கின்றோம். அவர்களுடைய சந்ததியார் தம் சொந்த நகரிலே கட்டிய வேறொன்றைப்பற்றி நாம் படித்ததில்லை. அது கல்லாற் கட்டிய கோட்டையன்று. குழந்தை அஞ்சாமற் செல்லக்கூடிய வீதி.

அம்ஸ்டர்டாமுக்குப் போய் வந்தவர்கள் ஒரு கதை சொல்வார்கள். "அங்கே மந்திரியும் சைக்கிளிற் போவார், பாட்டியும் சைக்கிளிற் போவாள். அது மேடு பள்ளமற்ற நாடு, அந்த மக்களின் பழக்கம் அப்படி" என்பார்கள். இக்கதை பாதி மெய். முன்னொரு காலத்திலே அங்கு சைக்கிள் நிறைந்திருந்தது உண்மை. ஆனால், இரண்டாம் உலகப் போர் முடிந்து மக்கள் கையிலே பணம் புழங்கத் தொடங்கியதும் மோட்டார் வண்டிகள் பெருகின; சைக்கிள் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே போயிற்று. சதுக்கங்களெல்லாம் வண்டி நிறுத்தும் இடங்களாயின. 1954ஆம் ஆண்டிலே நகரின் பொலீஸ் தலைவரே, கால்வாய்கள் சிலவற்றை மண்ணிட்டுத் தூர்த்து வீதிகளாக்கலாமென்று யோசனை கூறினார். 1967ஆம் ஆண்டிலே ஜொக்கினன் என்னும் அமெரிக்கப் போக்குவரத்து நிபுணர், தொழிலாளர் வாழ்ந்த பழைய குடியிருப்புகளை இடித்து நகரத்தின் நடுவே பெருவீதிகளை அமைக்கத் திட்டம் வகுத்தார். இவை நிறைவேறியிருந்தால் இன்றைய அம்ஸ்டர்டாம் இல்லை. மேடு பள்ளமற்ற நிலமும் பழைய பழக்கமும் அந்நகரைக் காத்திருக்கமாட்டா. காத்தவர்கள் மனிதர்கள்.

அவர்கள் எத்தகைய மனிதர்கள்? முதலில் வாலிபர்களைச் சொல்வோம். 1965ஆம் ஆண்டிலே "புரோவோ" என்னும் இளைஞர் கூட்டம் சில சைக்கிள்களுக்கு வெள்ளை வர்ணம் பூசி, பூட்டாமல் வீதியிலே விட்டது. "எவரும் எடுக்கலாம், போகுமிடத்தில் விடலாம், அடுத்தவர் எடுத்துக்கொள்ளலாம்" என்பது அவர்கள் கொள்கை. பூட்டாத சைக்கிளை வீதியில் விடுவது சட்டவிரோதமென்று பொலீசார் அவற்றைக் கைப்பற்றினர். உலகம் நகைத்தது. ஆயினும், வீதியென்பது வண்டி வைத்திருப்பவனுக்கு மாத்திரம் உரியதன்று என்ற எண்ணம் அன்று விதையாய் விழுந்தது. இன்று உலகத்தின் பெருநகரங்கள் பலவற்றிலே காணப்படும் பொதுச் சைக்கிள் முறை அவ்விதையின் விளைவே.

அடுத்துக் குழந்தைகளைச் சொல்வோம். அம்ஸ்டர்டாமிலே "டெ பைப்" என்றொரு பகுதி. ஒடுங்கிய தெருக்கள், நெருங்கிய வீடுகள், முற்றமே இல்லை. இருந்த தெருவையும் வண்டிகள் பிடித்துக்கொண்டன. 1972ஆம் ஆண்டளவில் அப்பகுதிப் பிள்ளைகள், தமக்கு விளையாட ஒரு தெரு வேண்டுமென்று கையொப்பம் சேகரித்தனர். தெருவைத் தடுப்பு வைத்து மறித்தனர். வண்டியோட்டிகள் சினந்து தடுப்பை அப்புறப்படுத்தினர். அந்தக் காட்சிகளைத் தொலைக்காட்சியார் படமெடுத்து நாடு முழுவதற்கும் காட்டினர். பெரியோர் காணாத ஒன்றைப் பிள்ளைகள் கண்டனர் என்பதே அதன் பொருள்.

இப்போது துயரமான பகுதிக்கு வருகின்றோம். 1971ஆம் ஆண்டு ஒன்றில் மாத்திரம் அந்தச் சின்னஞ்சிறு நாட்டிலே வீதி விபத்துகளில் இறந்தோர் 3,000க்கு மேற்பட்டோர். அவர்களுள் 400க்கு மேற்பட்டோர் குழந்தைகள். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி பாடசாலைக்குச் செல்லும் வழியிலே அவ்வாண்டு வண்டி மோதி இறந்தாள். அவள் தந்தை விக் லாங்கன்ஹொவ் ஒரு பத்திரிகையாளர். அவர் தம் துக்கத்தை வீட்டுக்குள்ளே பூட்டி வைக்கவில்லை. 1972ஆம் ஆண்டிலே பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். அதன் தலைப்பு: "குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்."

அன்பர்களே, அத்தலைப்பைச் சற்றே நினைத்துப் பாருங்கள். அதுவரையில் எல்லோரும் "விபத்து" என்றனர். விபத்து என்றால் விதி. விதி என்றால் எவரும் பொறுப்பல்லர். அவரோ "கொலை" என்றார். கொலை என்றால் தடுக்கலாம், தடுக்காதவர் பொறுப்பு. இந்த ஒரு சொல் மாறியதும் நாட்டின் நினைவே மாறத் தொடங்கிற்று. அத்தலைப்பையே பெயராகக் கொண்டு பெற்றோரின் இயக்கம் ஒன்று தோன்றியது. அதன் முதல் தலைவி மார்ட்ஜே வான் புட்டன் என்னும் இளந்தாய். பிற்காலத்திலே ஐரோப்பியப் பாராளுமன்ற உறுப்பினராகியவர். அன்றோ கையிலே குழந்தையோடு நின்ற ஒரு சாதாரணக் குடும்பப் பெண்.

அவ்வியக்கத்தார் செய்தது யாது? விபத்து நடந்த இடங்களிலே கூடி நின்றனர். தெருவை ஒரு நாளுக்கு மூடிப் பிள்ளைகளை விளையாடவிட்டனர். தெருவின் நடுவே மேசையிட்டு அயலவரெல்லாம் ஒன்றாயிருந்து உணவருந்தினர். பொலீசாரும் அவர்களுக்கு உதவினர் என்று அத்தலைவி பின்னாளிலே கூறியுள்ளார். பிரதம மந்திரியாயிருந்த டென் ஒய்ல் என்பவரின் வீட்டுக்குச் சைக்கிளிற் சென்று, வாசலிலே பாட்டுப்பாடி, "எங்கள் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பான தெருக்கள் தாருங்கள்" என்று கேட்டனர். அவர் வெளியே வந்து கேட்டார். கல்லெறியவில்லை, கண்ணாடி உடைக்கவில்லை. ஆனால், "இல்லை" என்ற விடையை அவர்கள் ஏற்றுக்கொள்ளவுமில்லை.

1973ஆம் ஆண்டிலே எண்ணெய் நெருக்கடி வந்தது. அவ்வாண்டு நவம்பர் 4ஆந் தேதி தொடங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் வண்டிகள் ஓடக்கூடாதென்று அரசாங்கம் கட்டளையிட்டது. பெருவீதிகளிலே பிள்ளைகள் சறுக்கி விளையாடினர்; முதியோர் நடுவீதியில் நடந்து சென்றனர். ஆனால், சில வாரங்களில் அத்தடை நீங்கிற்று. வண்டிகள் திரும்பி வந்தன. இங்கேதான் நமக்கும் ஒரு பாடம் இருக்கின்றது. 1990ஆம் ஆண்டுகளிலே வடபகுதியில் எரிபொருட் தடை இருந்தபோது வைத்தியர், ஆசிரியர், தாய், சேய், விறகு, மரக்கறி எல்லாமே சைக்கிளில் ஏறிப் போனதைக் கண்ட பெரியோர்கள் இங்கே இருக்கின்றார்கள். 2022ஆம் ஆண்டிலே பெற்றோல் வரிசையில் நின்று அலுத்துப்போய், பரணிலே கிடந்த சைக்கிளை இறக்கித் துடைத்தவர்களும் இருக்கின்றார்கள். பெற்றோல் வந்தது, சைக்கிள் மீண்டும் மூலைக்குப் போயிற்று. தட்டுப்பாடு நம்மைச் சைக்கிளில் ஏற்றும். ஆனால், அது வீதியைத் திருத்தித் தராது. தட்டுப்பாடு நீங்கிய பின்னும் நிலைக்கவேண்டுமானால், கேட்பதற்கு ஒரு சங்கம் வேண்டும்.

அம்ஸ்டர்டாமில் அத்தகைய சங்கம் இருந்தது. 1975ஆம் ஆண்டிலே சைக்கிளோட்டிகள் தமக்கெனத் தேசிய சங்கமொன்றை நிறுவினர். இன்று அதன் பெயர் "ஃபீட்ஸர்ஸ்பொண்ட்". கிளைகள் ஊர்தோறும் தோன்றின. இவர்களுடைய வேலைமுறை கவனிக்கத்தக்கது. "எல்லாம் மோசம்" என்று பொதுவாகக் குறைசொல்லாமல், எந்தச் சந்தியிலே இடர், எந்தப் பாலத்திலே இடுக்கு, எந்த வளைவிலே வண்டி வருவது தெரியாது என்று ஒவ்வோரிடமாகக் குறித்துக் கொண்டனர். அக்குறிப்புகளோடு நகரசபைக்குப் போயினர். சபை செவிசாய்க்காதபோது சிலர் இரவிலே தாமே வர்ணம் எடுத்துச் சைக்கிட் பாதை வரைந்தனர். பொலீசார் பிடித்துக்கொண்டு போயினர். மறுநாட் பத்திரிகையில் செய்தி வந்தது. சபையார் கேட்கத் தொடங்கினர். சட்டத்தை மீறுங்கள் என்று உங்களுக்குச் சொல்ல வரவில்லை. கையிலே குறிப்பும் வாயிலே ஓயாத கேள்வியும் உள்ளவனைக் காலம் செல்லச் செல்ல எவரும் தள்ளிவிட முடியாது என்பதையே சொல்கின்றோம்.

எதிர்ப்பு இல்லாமலில்லை. ஹேக் நகரிலே அரசாங்கச் செலவில் மாதிரிச் சைக்கிட் பாதையொன்று அமைத்தபோது, கடைக்காரர்கள் "வண்டி நிற்க இடமில்லையேல் வாடிக்கைக்காரர் வரார்" என்று கடுமையாக எதிர்த்தனர். அவர்களும் வயிற்றுப்பாட்டுக்காகவே பேசினர். அவர்களைப் பகைவர் என்று சொல்லலாகாது. அங்கும் தில்பர்க் நகரிலும் பெற்ற அனுபவத்தினால் ஓர் உண்மை தெளிவாயிற்று. ஒரேயொரு நல்ல பாதை போதாது. வீட்டுவாசலில் தொடங்கிப் பாடசாலைவாசல் வரையிற் பாதை தொடரவேண்டும். நடுவிலே ஒரு சந்தி ஆபத்தானால் தாய் பிள்ளையை அனுப்பமாட்டாள். இதனையுணர்ந்து டெல்ஃப்ட் நகரத்தார் ஊர் முழுவதையும் வலைபோலப் பின்னிப் பாதைகளை இணைத்தனர்.

அந்த டெல்ஃப்ட் நகரிலேதான் மற்றொரு புதுமையும் பிறந்தது. அதன் பெயர் "வூன்எர்ஃப்". அச்சொல்லைத் தமிழிலே சொல்வதானால் குடியிருப்பு வளவு எனலாம். தெருவையே வளவாகக் கருதுவது. அங்கே நடைபாதை, வண்டிப்பாதை என்ற பிரிவில்லை. மரம், வாங்கு, விளையாடும் இடம் என்பன தெருவின் குறுக்கும் நெடுக்குமாக அமைந்திருக்கும். வண்டி வரலாம், ஆனால், மனிதன் நடக்கும் வேகத்திலே விருந்தாளியைப்போல வரவேண்டும். 1976ஆம் ஆண்டிலே அரசாங்கம் இதனைச் சட்டத்திலே சேர்த்துக்கொண்டது.

1978ஆம் ஆண்டு அம்ஸ்டர்டாம் நகரசபைத் தேர்தலின்பின் போக்குவரத்துக்குப் பொறுப்பேற்ற வான் டெர் விலிஸ் என்பவர், நடப்போர்க்கும் சைக்கிளோட்டிகளுக்கும் முதலிடம் கொடுக்கும் கொள்கையை முன்னெடுத்தார். அத்தோடு வேலை முடிந்துவிட்டதென்று சங்கத்தார் வீட்டுக்குப் போகவில்லை. ஓர் உதாரணம் சொல்வோம். நகரின் பெரிய நூதனசாலையாகிய ரைக்ஸ்மியூசியத்தின் அடியிலே, அது 1885ஆம் ஆண்டு திறக்கப்பட்ட காலந்தொட்டு ஒரு பொதுவழி உண்டு. கட்டடத்தைத் திருத்துவதற்காக 2003ஆம் ஆண்டிலே நூதனசாலையை மூடினர். திறக்கும்போது அவ்வழியிலே சைக்கிள் செல்லலாகாதென்று நிர்வாகத்தார் விரும்பினர். சைக்கிட் சங்கத்தாரும் அயலவரும் ஏறக்குறைய பத்தாண்டுகள் வாதாடினர். 2013ஆம் ஆண்டு மே மாதத்தில் அவ்வழி சைக்கிளோட்டிகளுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. ஒரு சுரங்கம்போன்ற சிறுவழிக்காகப் பத்தாண்டு! வழக்கத்தால் வந்த உரிமையை ஒரு நாள் விட்டுக்கொடுத்தால் மீட்பது அரிது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

2019ஆம் ஆண்டிலே மெதுவோட்ட மோட்டார் ஸ்கூட்டர்களைச் சைக்கிட் பாதைகளிலிருந்து வண்டி வீதிக்கு மாற்றினர். 2023ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அம்ஸ்டர்டாமின் பெரும்பாலான வீதிகளிலே வேகவரம்பை மணிக்கு 50 கிலோமீற்றரிலிருந்து 30 ஆகக் குறைத்தனர். இதென்ன பெரிய மாற்றமென்று எண்ணாதீர்கள். விஞ்ஞானம் படிக்கும் மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கட்டும். 50 கிலோமீற்றர் வேகத்தில் வருபவன் ஒரு விநாடி திகைத்தால், வண்டி ஏறக்குறைய 14 மீற்றர் ஓடிவிடும். 30இல் வருபவனுக்கு அது 8 மீற்றர்தான். அந்த 6 மீற்றர் தூரத்திலேதான் அக்காளின் கையைப் பற்றிய அச்சிறுமி நிற்கின்றாள். மோதும் வலிமையோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 50இல் உள்ள வலிமை 30இல் உள்ளதைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு.

பலன் யாது? 1971ஆம் ஆண்டிலே 3,000க்கு மேற்பட்டோரை வீதியிலே பலிகொடுத்த அந்நாடு, சனத்தொகையும் வண்டிகளும் எவ்வளவோ பெருகிய பின்னரும் 2023ஆம் ஆண்டிலே இழந்தவர் 684 பேர். அவர்களுள் 270 பேர் சைக்கிளோட்டிகள், பெரும்பாலோர் முதியோர். ஆகவே, அங்கும் குறை தீர்ந்துவிடவில்லை. கேட்பவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கின்றார்கள். ஆனாலும், அன்று குழந்தைகளுக்காகத் தொடங்கிய பணி குழந்தைகளைக் காத்தது என்பதில் ஐயமில்லை.

பெரியோர்களே, "இது செல்வம் மிக்க நாட்டுக் கதை, நமக்கு எப்படிப் பொருந்தும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால், அவர்கள் தொடங்கியது பணத்தைக்கொண்டன்று. ஒரு கட்டுரை, ஒரு கையொப்பத்தாள், ஒரு மேசை ஆகியவற்றைக்கொண்டே. அவை நம்மிடமும் உண்டு. நடப்பவனுக்குச் சீமெந்துப் பலகையால் மூடிய வாய்க்கால், பாடசாலை முன்னே ஒரு வெள்ளைக்கோட்டுக் கடவை, சந்தியிலே பார்வையை மறைக்கும் விளம்பரப் பலகையை அகற்றல் என்பன பெருஞ்செலவு வேண்டுவனவல்ல. அவற்றைக் கேட்பாரில்லாத குறையே பெரிய குறை.

வாலிப அன்பர்களே, உங்களிடம் மூன்று காரியங்களை வேண்டுகின்றோம். முதலாவது, எண்ணுங்கள். பாடசாலை தொடங்கும் வேளையிலும் விடும் வேளையிலும் ஒரு வாரம் சந்தியிலே நின்று, எத்தனைபேர் நடக்கின்றனர், எத்தனைபேர் சைக்கிளில் வருகின்றனர், எங்கே தடுமாறுகின்றனர் என்று கொப்பியில் எழுதுங்கள். இரண்டாவது, ஒன்றைக் கேளுங்கள். பத்துக் குறையை ஒரே மகஜரில் எழுதினால் பத்தும் அலுமாரிக்குள்ளே உறங்கும். ஓரிடம், ஒரு குறை, ஒரு பரிகாரம் என்று எழுதி, பெற்றோரும் கடைக்காரரும் கையொப்பமிட, பெரியோர்களை முன்னிட்டு உள்ளூராட்சிச் சபையிடம் செல்லுங்கள். விடை வராவிட்டால் அடுத்த மாதமும் செல்லுங்கள். மூன்றாவது காரியத்தைச் சொல்ல எமக்குச் சிறிது கூச்சமாயிருக்கின்றது. ஆயினும் சொல்லாமல் இருக்கலாகாது.

பேச்சின் தொடக்கத்திலே, நடைபாதையை அடைத்து நின்ற மோட்டார் சைக்கிள்களைப்பற்றிச் சொன்னோம். அவை எங்கே நின்றன தெரியுமா? இம்மண்டபத்து வாசலிலே. அவை யாருடையவை? நம்முடையவை. இவ்விழாவுக்கு வந்த நாமே அவற்றை அங்கே நிறுத்திவிட்டு உள்ளே வந்திருக்கின்றோம். அந்நால்வரையும் வீதியில் இறக்கியது நகரசபையன்று, பஸ் சாரதியுமன்று. நாமே.

ஆகவே, மூன்றாவது காரியத்தை இன்றே, இவ்விழா முடிவதற்கு முன்னரே செய்யலாம். பின்புறத்துக் காணியிலே போதிய இடமுண்டு. அடுத்த நிகழ்ச்சி தொடங்குவதற்குள் வாலிபர்கள் பத்துப்பேர் எழுந்து சென்று அவ்வண்டிகளை அங்கே மாற்றிவிட்டால், இப்பேச்சு வீண்போகவில்லையென்று நாம் மகிழ்வோம். பிறரிடம் வழி கேட்பவன் முதலில் தான் மறித்த வழியை விடவேண்டும். அதன்பின் நாம் கேட்கும் கேள்விக்கு வலிமை உண்டாகும்.

வீதி யாருக்கு உரியது? அதில் மிக மெல்ல நடப்பவருக்கே அது முதலில் உரியது. கைத்தடி ஊன்றும் பெரியவரும் புத்தகப் பை சுமக்கும் சிறுமியும் அஞ்சாமற் செல்லக்கூடிய வீதியிலே மற்றெவரும் செல்லலாம்.